நிலாவுக்கு அடித்த கால் உரு

கொட்டாரம் சந்தையில் இறங்கி, கால் உரு எங்கே கிடைக்கும் என்று யாரிடம் கேட்டாலும் கை தானாகப் பொன்னுலிங்கத்தின் கடைப்பக்கம் நீளும். முட்டுவலிக்காரர்கள் வெள்ளித் தகட்டில் ஒரு காலை நேர்ந்துகொள்வார்கள். கண் மங்கினவர்களுக்குக் கண், பிள்ளை வேண்டுகிறவர்களுக்குத் தொட்டில், கடற்கரைக்காரர்களுக்கு வள்ளம். வலி தீர்ந்ததும், வள்ளம் கரை சேர்ந்ததும், உருவை உண்டியலில் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். சுசீந்திரத்துக்கும் அவர் உருதான், கடற்கரையில் மாதாவின் சிலுவைக் கோயிலான குருசடிக்கும் அவர் உருதான். சாமி எதுவானாலும் கால் பொன்னுலிங்கம் கால்.

சும்மா கிடைத்த பெயர் இல்லை அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். கோட்டாற்றில் ஒரு கடையில் வெள்ளிப் பாத்திரத்துக்குத் திருநீறு போட்டுத் தேய்க்கிற வேலை. முதலாளி அச்சு வெட்டும்போது யாரையும் பக்கத்தில் அண்டவிடமாட்டார். பொன்னுலிங்கம் தேய்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார், பார்த்தே கற்றார். கற்ற கையோடு கொட்டாரத்தில் தனிக்கடை போட்டார். அந்தக் கையில்தான் வீடு வந்தது, இரண்டு பெண்மக்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு பயலிடம் போய்க் கைகட்டி நின்றதில்லை. மற்றவர்கள் அடிக்கிற கால் உரு குழாய்த்துண்டு மாதிரி இருக்கும். அவர் அடித்த காலில் முட்டு தெரியும், கெண்டைச்சதை தெரியும், உற்றுப் பார்த்தால் சுண்டுவிரல் நகமும் தெரியும்.

இத்தனை இருந்தும் மனசுக்குள் ஒரு முள். அடித்தது அத்தனையும் உண்டியலுக்குப் போனது. குருசடித் திருவிழா முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் உண்டியல் வெள்ளியை மூட்டையாகக் கட்டி, எடைக்கு அவரிடமே கொண்டுவந்து போடுவார்கள். அவர் அதை மூசையில் இட்டு உருக்கி, திரும்பவும் தகடாக்கி, திரும்பவும் காலாக அடிப்பார். வாழ்நாள் முழுக்க அடித்ததில் ஒன்றுகூட ஒரு வீட்டு அலமாரியில் இல்லை. கல்லில் கொத்தினவன் சிதறால் மலையில் எத்தனையோ நூறு வருஷமாய் நிற்கிறான். பொன்னுலிங்கத்தின் வேலை அடுத்த திருவிழா வரைக்கும் நிற்பதில்லை.

சந்திரயான் மூன்று புறப்படப்போகிற ஆனி மாதத்தில் அந்த முள்ளை ஓங்கி மிதித்தவள் குளோரி. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து சந்தையில் விற்கிறவள். குரல் சந்தைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். அவள் மகள் ரெனிஷா படித்து, மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைக் கட்டிவைத்து எரியவிட்டுப் பார்க்கிற இடத்தில் வேலையில் இருந்தாள். அன்றைக்குக் குளோரி கூடையை இறக்கக்கூட இல்லை.

"அண்ணாச்சி, கேட்டியளா. எனக்க மவ எரிச்சுப் பாத்த எஞ்சினாக்கும் நெலாவுக்குப் போவுது."

"போட்டும். நல்லா இருக்கட்டும்."

"என்ன, போட்டும்னு பைய சொல்லுதிய? நீங்க அடிச்ச காலு உண்டியலத் தாண்டிப் போயிருக்கா?"

இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் சுத்தியல் பறந்திருக்கும். குளோரி நாள்தோறும் நல்ல சாளை மீன் ஒதுக்கிவைத்துத் தருகிறவள். பொன்னுலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒனக்க மவ நெலாவுக்கு அனுப்புதா. சரி. நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ள பொறந்து, அம்மா நீ என்ன செஞ்சன்னு கேட்டா கையில எடுத்துக் காட்ட என்ன இருக்கு? ஒண்ணும் கெடயாது. நான் வெள்ளியில காசு அடிக்கேன். நெலாக் காசு. ஊருல ஒவ்வொருத்தன் வீட்டுலயும் கண்ணாடி அலமாரியில இருக்கும், பாத்துக்க."

சொல்லிவிட்டார். சொன்ன சொல்லிலிருந்து அவர் என்றைக்கும் பின்வாங்கினதில்லை.

வீட்டில் மனைவி பிச்சம்மாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பத்திரிகை வாசிக்கிறவள் அவள், அவர் கேட்கிறவர்.

"போன தடவ போனது விழுந்து போச்சுல்லா. அது போய் எறங்கட்டுமே. அப்புறமா அடிச்சா ஆவாதா?"

"எறங்கின பொறவு எவன் வேணும்னாலும் அடிப்பான். எறங்கதுக்கு முன்னால அடிக்கவன்தான் ஆளு."

"விழுந்துட்டுன்னா?"

"பொன்னுலிங்கம் காலு வச்சது விழாது."

அதுதான் விஷயம். பத்திரிகைப் படத்தில் இருந்த, நிலாவில் இறங்கப்போகிற கலத்துக்கு நான்கு கால்கள். அதைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. உலகத்தில் அவருக்குத் தெரியாத கால் உண்டா? ஆனால் படத்துக் கால்கள் நெட்டுக்குத்தாய், குச்சி மாதிரி இருந்தன. முட்டு மடங்காத கால் குதித்தால் ஒடிந்துதான் போகும், போன தடவை அதனால்தான் விழுந்திருக்கும் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். எஃகுக் கட்டையில் அச்சு வெட்டும்போது நாலு காலுக்கும் முட்டு வைத்தார். அளவாய் ஒரு கெண்டைச்சதையும் வைத்தார். காலுக்கடியில் குண்டும் குழியுமாய் நிலா. மறுபக்கம் குமரிக் கடலும் அதற்குமேல் மகேந்திரகிரி மலையும். ஓரத்தில், தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி, 'பொ' என்று ஓர் எழுத்து. அவர் பெயரை அவர் எதிலும் போட்டது அதுதான் முதல்முறை.

காசு அடிக்கிற சேதி பரவியதும் குருசடிக் கமிட்டியின் ஞானதாசன் வந்து எட்டிப்பார்த்தான். திருவிழா ஏலத்தில் மைக் பிடிக்கிறவன். மைக் இல்லாவிட்டாலும் அதே குரல்தான்.

"அண்ணாச்சி, காசு அடிக்கது கவர்மெண்டு வேலையாக்கும். போலீஸ் வரப் போவுது."

"ரூவான்னு எங்கலே எழுதியிருக்கு? இதக் கொண்டுபோயி எவன்ட்டயாவது சாயா வாங்கு பாப்போம். இது மெடலு."

"மெடலுன்னா ஓடி ஜெயிச்சவனுக்குல்லா கொடுப்பாவ."

"நெலாவுக்கு ஓடுதுல்லா, போதாதா?"

ஞானதாசனும் ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

ராக்கெட் புறப்பட்ட அன்று மத்தியானம் காசுகள் ஒரு செம்பு நிறையத் தயாராக இருந்தன. அது மேலே போனதை எல்லோரும் கடை வாசலில் டிவி வைத்துப் பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் பொன்னுலிங்கம் அச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்து, கருங்கல்லின் மேல் வைத்து, சம்மட்டியால் ஓங்கிப் போட்டார். மூன்றாவது அடியில் அது பிளந்தது. நினைவுக்காக அடிக்கிற காசு என்றால் அளவோடுதான் இருக்க வேண்டும், அப்போதுதான் மதிப்பு என்று பிச்சம்மாள் எப்போதோ வாசித்துச் சொல்லியிருந்தாள். மதிப்பு என்ற சொல்லை அவர் அப்படியே பிடித்து வைத்திருந்தார்.

"இனி கேட்டாலும் கெடைக்காது" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "வாங்கினவன் பாக்கியவான்."

வெள்ளி விலைக்கே கொடுத்தார், கூலி போடவில்லை. சந்தைக்காரர்கள் வாங்கினார்கள், கடற்கரைக்காரர்கள் வாங்கினார்கள். தனக்கென்று ஒரே ஒரு காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கலம் இறங்குகிற ஆவணி மாதச் சாயங்காலம். கடை வாசலில் மறுபடியும் டிவி. சந்தை மொத்தமும் அங்கே நின்றது. திரையில் ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாய்ச் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. போன தடவையும் இப்படித்தான் சரிந்து வந்து கடைசி நேரத்தில் சேதி நின்றுபோனது. அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சந்தையையே அதிரவைக்கிற குளோரிகூடக் கண்ணை மூடி, ஒரு கையில் ஜெபமாலையோடு, மறு கையில் எதையோ இறுக்கிப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

விழுந்துவிட்டால் அத்தனை பேர் வீட்டிலும் விழுந்த கலத்தின் காசு இருக்கும், அதில் 'பொ' என்று எழுதியிருக்கும். அச்சையும் உடைத்தாயிற்று. பொன்னுலிங்கத்தின் கை சட்டைப்பைக்குள் போனது. காசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, யாரும் பார்க்காமல் நெஞ்சோடு அழுத்தினார்.

சுசீந்திரத்து அனுமாரே, நீர் கடலைத் தாண்டினவர். கால் ஊன்றுவது எப்படியென்று உமக்குத் தெரியும். இது நல்லபடியாய் இறங்கினால் இந்தக் காலை உமக்கே கொண்டுவந்து போட்டுவிடுகிறேன்.

இறங்கியது. நான்கு காலையும் ஊன்றி நின்றது. சந்தையில் கிளம்பிய சத்தத்தில் கோழிக்கடைக் கோழிகள் எல்லாம் கூடைக்குள் சாடிக் குதித்தன. குளோரி அழுதாள், சிரித்தாள், மகளுக்குப் போன் போட்டாள், மகள் எடுக்காததற்கும் சிரித்தாள். பொன்னுலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"முட்டு வச்சேன் பாத்தியா" என்றார் பக்கத்தில் நின்ற தையல்காரனிடம். அவனும் தலையாட்டினான்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சுசீந்திரம் போனார். கடன் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர், சாமியிடமும். காசை உண்டியலில் போட்டபோது ஒரு சின்ன வருத்தம் இருந்தது. அதனால் என்ன, ஊர் முழுக்க இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். திரும்பி வந்து, ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு, தன் காசு அலமாரியில் இருக்கிற அழகைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் குளோரி வீட்டுக்குப் போனார்.

குளோரியின் அலமாரியில் எல்லாம் இருந்தன. அவள் தம்பி வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பொம்மை, ரெனிஷாவின் கல்லூரிக் கோப்பை, சங்கு, மாதா படம். காசு மட்டும் இல்லை.

"எங்க குளோரி?"

"என்னது?"

"நெலாக் காசு."

"குருசடி உண்டியல்ல போட்டாச்சே. அண்ணைக்கே போட்டாச்சு."

பொன்னுலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத வீட்டுல வைக்கதுக்குல்லா நான் அடிச்சேன்."

"நல்லா இருக்கே கத. ஒங்க கடையில வாங்கின காலு. மாதாவே, இதுக்க காலு ஒடியாம எறங்கணும்னு கேட்டேன், எறங்கிட்டு. நேர்ந்த காலக் குடுக்காம வீட்டுல வச்சா நம்ம காலுல்லா போவும்?"

பொன்னுலிங்கமும் அதைத்தான் செய்திருந்தார். ஆனாலும் அதை அவளிடம் சொல்லவில்லை. எழுந்து போய் அடுத்த வீட்டில் கேட்டார், அதற்கடுத்த வீட்டில் கேட்டார். திங்கட்கிழமை சந்தையில் கேட்டார். தையல்காரன் போட்டுவிட்டான். பூக்காரி போட்டுவிட்டாள். ஞானதாசன் மற்றவர்கள் போடுவதைப் பார்த்துவிட்டுப் போட்டானாம். ஊரில் ஒருத்தருக்குக்கூட அது நினைவுக்காக வைத்துக்கொள்கிற காசு என்று தோன்றவில்லை. பொன்னுலிங்கம் கடை, வெள்ளி, அதில் கால். பிறகு அது வேறு என்னவாக இருக்க முடியும்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பிச்சம்மாள் சொன்னாள்: "நீங்க அந்த முட்டு வைக்காம இருந்திருந்தா காசு ஒருவேள தப்பிச்சிருக்கும்."

"முட்டு வைக்காம இருந்திருந்தா அது எறங்கியிருக்காது" என்றார் அவர்.

இருந்தாலும் அவர் ஆள் சோர்ந்துவிடவில்லை. சுசீந்திரத்து உண்டியலில் போனது போனதுதான், முத்திரை வைத்த அதை அதிகாரிகள்தான் திறப்பார்கள். குருசடி வெள்ளி எங்கே போகும்? திருவிழா முடிந்ததும் எப்போதும்போல மூட்டை கட்டித் தன் கடைக்குத்தானே வரும். வந்ததும் காசுகளைப் பொறுக்கியெடுத்துத் திரும்ப ஒவ்வொரு வீடாகக் கொடுத்து, 'இது நேர்ச்சை இல்லை, இது மெடல்' என்று சொல்லி, அலமாரியில் தானே வைத்துவிட்டு வருவது என்று திட்டம் போட்டார். ஒன்று தன் வீட்டுக்கும். திட்டம் போட்டால் அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மாதா பிறந்தநாளோடு குருசடித் திருவிழா முடிந்தது. கடைசி நாள் சாயங்காலம் ஏலம். நேர்ச்சையாக வந்த சேவல், தென்னங்கன்று, வாழைக்குலை எல்லாவற்றையும் ஞானதாசன் மைக்கில் கூவி விற்பான். அப்படி ஏலத்தில் எடுத்த பொருளுக்கு மாதாவின் ஆசீர்வாதம் உண்டு என்று அந்தக் கடற்கரையில் நம்பிக்கை. சேவல் என்றால் அறுக்கமாட்டார்கள், கன்று என்றால் வீட்டு முற்றத்திலேயே நடுவார்கள். இந்தத் தடவை வெள்ளி மூட்டை கடைக்கு வருகிறவரை காத்திருக்காமல் பொன்னுலிங்கம் தராசோடு தானே போய் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் மூட்டையை எடுத்தபோது குளோரி எழுந்துவிட்டாள்.

"ஞானதாசா, நில்லு. அந்த நெலாக் காலு எல்லாத்தயும் தனியா எடு."

"எதுக்கு சித்தி?"

"கேட்டது நடந்த உருவாக்கும் அது. நாடு மொத்தத்துக்கும் நடந்தது. அத உருக்கவா போறிய? ஒவ்வொண்ணா ஏலம் போடு."

கூட்டம் ஆமா ஆமா என்றது. பங்குச் சாமியாரும் தலையசைத்தார். தட்டில் காசுகள் குவிந்தன. பொன்னுலிங்கத்துக்குத் திட்டம் கையை விட்டுப் போவது தெரிந்தது, ஆனால் உள்ளுக்குள் வேறு ஏதோ குறுகுறுத்தது. ஞானதாசன் முதல் காசைத் தூக்கிக் காட்டி, "நெலாவுல ஊணின காலு, மாதா காத்த காலு" என்று கூவ ஆரம்பித்தான். பொன்னுலிங்கம் கை தூக்கிக் கேட்டார். உடனே ஒரு வலைக்காரர் மேலே கேட்டார். இவர் ஏற்றினார். இன்னொருத்தர் அதற்கு மேலே போனார். இரண்டாவது காசும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. அவர் பேசாமல் இருந்த காசு சாதாரண விலைக்குப் போனது. அவர் வாய் திறந்த காசை மட்டும் விடமாட்டேன் என்று நின்றார்கள்.

"என்னப்பா, எனக்கு ஒண்ணு விடக்கூடாதா?" என்றார் பொறுக்கமுடியாமல்.

"விட்டா உருக்கிருவிய" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"உருக்கமாட்டேம்லே. எனக்கு வச்சுக்கிடதுக்காக்கும்."

"வருசா வருசம் மூட்டையோட கொண்டுபோயி என்ன செஞ்சிய?" இது குளோரி. "மாதா காத்த கால மூசையில போட விடமாட்டோம், அண்ணாச்சி. தராசோடல்லா வந்து இருக்கிய."

எல்லோரும் அவர் மடியில் இருந்த தராசைப் பார்த்தார்கள். சிரிப்பு கடல் சத்தத்தை அமுக்கியது. அவர் தராசைப் பின்னால் நகர்த்தி வைத்தார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. தட்டில் கடைசிக் காசு. அவர் எழுந்து நின்று கேட்டார். இத்தனை நேரமும் தனக்கென்று ஒன்றும் எடுக்காமல் காத்திருந்த குளோரி மேலே கேட்டாள். இவர் ஏற்றினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏற்றினாள். மகளுக்காக ஏற்றுகிற தாயிடம் எத்தனை தூரம் போவது? தன் கையால் அடித்த காசுக்கு ஓர் ஊர் இப்படி அடித்துக்கொள்வதை உட்கார்ந்து பார்த்த மனுஷன் வேறு யார் இருக்கிறார்? அந்த நினைப்பில் ஒரு கணம் கேட்க மறந்துவிட்டார்.

"ஒரு தரம். ரெண்டு தரம்." ஞானதாசன் அவரைப் பார்த்தான். அவர் போதும் என்று தலையை ஆட்டிவிட்டார். "மூணு தரம்."

வீட்டுக்கு வெறுங்கையோடு போனவரைப் பார்த்துப் பிச்சம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுகூடக் கெடைக்கலியா?"

"ஒண்ணுகூட விடல பிச்சம்மா" என்றார் பெருமையாக. "ஒரு பய விடல."

திருவிழாவுக்கு வர முடியாத ரெனிஷா அடுத்த மாதம் லீவில் வந்தபோது அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். பொன்னுலிங்கம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். கண்ணாடி அலமாரியில், வளைகுடாப் பொம்மையைப் பின்னால் தள்ளிவிட்டு, மாதா படத்துக்கு முன்னால், சிவப்புப் பட்டுத்துணியின் மேல் காசு இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? லேண்டருக்கு முட்டு கெடயாதே. நீங்க ஏன் வச்சிய?"

"முட்டு இல்லாம எப்படி மடக்கி உக்காரும் மக்ளே?"

"எறங்கும்போ அடியத் தாங்கதுக்குக் காலுக்குள்ள வேற ஏற்பாடு இருக்கு."

"அதத்தான் நான் வெளியில வச்சிருக்கேன்" என்றார். ரெனிஷா வெகுநேரம் சிரித்தாள். அவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் படம் அனுப்பியிருக்கிறாளாம், முட்டு வைத்த கலம் அங்கே பிரபலமாம்.

"கொஞ்சம் கையில தா, பாத்துட்டுத் தாறேன்" என்றார் குளோரியிடம்.

"கண்ணாடி வழியா நல்லாத்தான் தெரியுது."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் மூக்கு இடித்தது. ஓரத்தில் 'பொ' தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. முட்டுப் பக்கம் லேசாய் ஒரு கறுப்பு.

"கடக்காத்துல வெள்ளி கறுக்கும்" என்றார் நிதானமாக. "இப்பமே ஆரம்பிச்சாச்சு. மொறயாத் தேய்க்கலன்னா காலு கரிக்கட்டையாப் போவும். சோப்பு கீப்பு போட்டிராத, வேல போயிரும். இதுக்குக் கை வேணும்."

குளோரி அவரையும் காசையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்லிய துணியும் ஒரு பொட்டலம் திருநீறுமாகப் பொன்னுலிங்கம் கடற்கரையில் வீடு வீடாகப் போகிறார். அலமாரிகள் திறக்கின்றன. முதன்முதலில் கற்ற அதே தேய்க்கிற வேலைதான், ஆனால் இப்போது அவரைக் கேட்காமல் ஒருவரும் தொடுவதில்லை. காசை எடுத்து, முட்டு முட்டாய்த் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, 'ஆளப் பாரு, எப்படி நிக்குது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மனசில்லாமல் திருப்பி வைப்பார். கூலி வாங்குவதில்லை; சாயா குடிப்பார்.

குளோரி மட்டும் இன்றைக்கும் அவரை நம்பவில்லை. அவர் தேய்த்து முடித்துக் காசு பட்டுத்துணிக்குத் திரும்புகிற வரைக்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள்.